மில்லிக்கு ஆறு வயது: கொட்டகலையில் ஒரு ஃபெரட்டுக்கு வைத்தியம் தேடுவது

இலங்கை மலையகத்துக் கொட்டகலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா ஒரு பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலையாளாக, வேலை பார்த்தவர். அங்கே குடியிருந்த வெளிநாட்டுத் தம்பதி இரண்டு வருஷத்துக்கு முன்பு ஊருக்குத் திரும்பும்போது, தாங்கள் வளர்த்த ஃபெரட்டை (பார்வைக்குக் கீரி மாதிரி இருக்கும், இறைச்சி தின்னும் சின்ன வீட்டுப் பிராணி) இவர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பெண், கருத்தடை செய்தது, பெயர் மில்லி. வயது ஆறு தாண்டிவிட்டது. ஒரு மாதமாகப் பின்னங்கால் தள்ளாடுகிறது. நடக்கும்போதே நின்று எங்கேயோ வெறித்துப் பார்க்கிறது. வாயை முன்னங்காலால் பிறாண்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடி விளையாடுகிறது. பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கிட்டவே வராமல் பார்த்துவிட்டு, "வயசாகிருச்சு, அவ்வளவுதான்" என்று ஒரு விட்டமின் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். இனி எங்கே போவது, போய்ப் பிரயோசனம் உண்டா?

உண்டு. ஆறு வயது ஃபெரட்டுக்கு முதுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. நல்லபடியாக வளர்ந்தால் ஆறிலிருந்து எட்டு வருஷம் வரை இருக்கும் பிராணி அது. ஆனால் முதுமை வந்தால் எப்போதும் தள்ளாட வேண்டும். வந்து வந்து போகும் தள்ளாட்டம் முதுமை இல்லை. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த அரை மணி நேரம்தான்.

நான் மிருக வைத்தியன். தலவாக்கலைப் பக்கம் லயத்தில் பிறந்து பேராதனையில் படித்தவன். என் வேலையில் முக்கால்வாசி நாய், பூனை, பால் மாடு. ஃபெரட் இதுவரை என் கைக்கு வந்தது மூன்றுதான். முதலாவது செத்தது என் பிழையால். அதைக் கீழே சொல்கிறேன். முதலில் இன்றைக்கு இரவே உங்களுக்குத் தேவைப்படக்கூடியது.

மில்லி மறுபடி வெறித்து நின்றாலோ, எழுப்பினால் எழும்பாமல் துணி மாதிரித் தொங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, அதன் இரத்தத்தில் சீனி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நடங்கள். கித்துள் பாணி இல்லாத வீடு மலையில் குறைவு. இரண்டு மூன்று சொட்டை விரலில், இல்லாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து, உதட்டைத் தூக்கி ஈறில் தேயுங்கள். தேன், குளுக்கோஸ் தூளைக் குழைத்தது, எதுவானாலும் சரி. வாய்க்குள் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பில் பல் இறுகும், அந்த நேரம் விரலை உள்ளே விடவும் வேண்டாம். ஐந்து பத்து நிமிஷத்தில் தலையைத் தூக்கும். தூக்கியதும் கொஞ்சம் இறைச்சி கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது. பாணி மட்டும் கொடுத்து நிறுத்தினால், ஏறிய சீனியைப் பார்த்து உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரந்து, ஒரு மணி நேரத்தில் முன்பைவிட மோசமாக விழும். சீனி இல்லாத இனிப்பு என்று விற்கும் எதையும் பாவிக்க வேண்டாம். சிலவற்றில் இருக்கும் சைலிற்றோல் இருக்கிற சீனியையும் இறக்கிவிடும். பாணி கொடுத்தும் எழும்பவில்லை, வலிப்பு நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் கிட்ட இருக்கும் எந்த மிருக வைத்தியரிடமாவது ஓடுங்கள். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்ற எல்லா மிருக வைத்தியருக்கும் தெரியும்.

பாணி தடவி ஐந்து நிமிஷத்தில் தெளிந்தது என்றால், அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி நோயைக் கண்டுபிடித்தது அதுதான்.

நான் சந்தேகப்படுவது இன்சுலினோமா. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களில் வரும் சின்னக் கட்டி. பல நேரம் அரிசி மணியளவு கூட இருக்காது. நாலு ஐந்து வயதைத் தாண்டிய ஃபெரட்டுகளில் மிகச் சாதாரணமாக வருவது. கட்டிக்கு நிதானம் கிடையாது, சீனி கூடினாலும் குறைந்தாலும் இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும். நம் வீட்டு நீரிழிவுக்கு நேர் எதிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சீனி குறையும்போது பின்னங்கால் சோர்கிறது, மூளைக்கு எரிபொருள் போதாமல் பார்வை நிலைக்கிறது, குமட்டல் வந்து வாயைப் பிறாண்டுகிறது. சாப்பிட்டதும், அல்லது உடம்பே எப்படியோ சமாளித்ததும், சரியாகிவிடுகிறது. கண்டுபிடிக்கத் தேவையானது ஒரு சொட்டு இரத்தம். எங்கள் மலையில் நீரிழிவுக்காரர் இல்லாத லயம் கிடையாது, குளுக்கோமீற்றர் இல்லாத பார்மசியும் கிடையாது. இவ்வளவு எளிதான சோதனை செய்யப்படாமல் போவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இனி என் பிழை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம். ஒருவர் ஐந்து வயது ஆண் ஃபெரட்டைக் கொண்டு வந்தார், இதே பின்னங்கால் தள்ளாட்டம். நீளமான முதுகு, பின்னங்கால் பலவீனம் என்றதும் என் புத்தி நேரே முதுகெலும்புக்குப் போனது. எக்ஸ்ரே எடுக்கலாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதனால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று, நாய்க்காரருக்குச் சொல்வது போலவே சொல்லி அனுப்பினேன். அவரும் சொன்னதை அப்படியே செய்தார். காலை எட்டரைக்கு அவர் கதவைத் திறந்து வரும்போதே பெட்டிக்குள் வலிப்பு. குளுக்கோஸ் ஏற்றினேன். பிழைக்கவில்லை. ஃபெரட்டின் குடல் மிகக் குட்டை, சாப்பிட்டது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆரோக்கியமான ஃபெரட்டையே நாலு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. அன்றைக்கு நான் போட்டது பதினொன்றரை மணி நேரம், அதுவும் சீனி விழும் நோய் இருந்த ஒன்றை. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "டாக்டர் சொன்னபடிதானே செய்தேன்" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், உங்களை அனுப்பிவிட்ட டாக்டரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கிட்ட வராததற்கும் காரணம் ஊகிக்க முடியும். இலங்கையில் தெரியாத ஒரு காட்டுப் பிராணி மாதிரியான உருவம் எச்சில் ஒழுக்கிக்கொண்டு, கால் இழுத்துக்கொண்டு வந்தால், எந்த மிருக வைத்தியருக்கும் முதலில் மனதில் வருவது விசர் நோய் (ரேபிஸ்). அவருக்கு அதைக் கீரியிலிருந்து பிரித்துப் பார்க்கவும் தெரிந்திருக்காது. பார்வைக்குக் கீரி மாதிரி இருந்தாலும் கீரிக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் இல்லை. இது ஐரோப்பியக் காட்டுப் பிராணி ஒன்றை ஆயிரக்கணக்கான வருஷமாகப் பழக்கி உருவாக்கிய வீட்டுப் பிராணி. அதன் குடும்பத்தில் இலங்கையில் இயற்கையாக இருப்பது நீர்நாய் ஒன்றுதான். எனக்கு வந்த இரண்டாவது ஃபெரட்டின் அட்டையில் வேறு ஏதோ கிளினிக்கில் "முகட்டியா" என்று எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் கீரி. அதற்குப் பக்கத்தில் பெயர்: சோஃபி.

ஆகவே அடுத்த டாக்டரிடம் கதவைத் திறந்ததும் முதல் வசனம் நோயைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "இது வீட்டுக்குள் வளர்ந்தது, இரண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறது, வெளியே விட்டதில்லை, நாயோ வேறு மிருகமோ கடித்ததில்லை" என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். உண்மையாக இல்லை, ஒரு நாள் ஓடிப்போய் வந்தது என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் யாரையாவது கடித்திருந்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அது மில்லியின் வைத்தியத்தோடு சேர்ந்த விஷயம் இல்லை, தனி.

அப்புறம், அந்தத் தம்பதிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை. மில்லியை முன்பு பார்த்த மருத்துவர் யார், என்ன தடுப்பூசி எந்தத் தேதியில், கருத்தடை எப்போது, தோலுக்கடியில் ஹார்மோன் மருந்துக் குச்சி ஏதாவது வைத்ததா, பழைய இரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபெரட்டைத் தினமும் பார்க்கும் ஒரு மருத்துவரின் மின்னஞ்சல் கிடைத்துவிட்டால், இங்கே இருக்கும் டாக்டர் அவரோடு பேசிக்கொள்ளலாம். நான் மூன்றாவது ஃபெரட்டுக்கு அப்படித்தான் செய்தேன். எனக்கு வெட்கமாக இல்லை.

இனி எங்கே போவது. ஃபெரட் டாக்டர் என்று ஒருவரைத் தேடி அலையாதீர்கள். நாய் பூனைக்கு நிதானமாக வைத்தியம் பார்க்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் புத்தகத்தைத் திறக்கும் ஒரு டாக்டர் போதும். அவரிடம் விஷயத்தைக் கோர்வையாகக் கொண்டு போவது உங்கள் வேலை. அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மலையகத்திலும் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஆனால் அவர்களுடைய நாள் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் சினை ஊசிக்கும் போய்விடும். அவசரத்துக்குக் குளுக்கோஸ் ஏற்றவும், யாரிடம் போகலாம் என்று கேட்கவும் அங்கே போகலாம். முழுப் பரிசோதனைக்கு ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் இருக்கும் தனியார் கிளினிக் ஒன்று, அல்லது பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலை. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் இருப்பது அங்கே மட்டும்தான். ஒரு பிராணியைச் சுற்றி நாலைந்து மாணவர்கள் நிற்பார்கள், நேரம் எடுக்கும், அது சிலருக்கு எரிச்சல். ஆனால் அபூர்வமான பிராணிக்கு அந்தக் கூட்டமே நன்மை, யாராவது ஒருவர் அன்றிரவு உட்கார்ந்து படிப்பார். கூட்டத்தில் தமிழ் மாணவர் இருந்தால் பேச்சுக்கும் சிரமம் குறையும். இருந்தாலும் விவரத்தை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் படித்தது ஆங்கிலத்தில்தான், எந்த மொழிக்கார டாக்டரும் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். வயது, எடை, தினச் சாப்பாடு, எந்தத் தேதியில் எத்தனை முறை தள்ளாடியது, எவ்வளவு நேரம், கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அதைவிட முக்கியம் வீடியோ. டாக்டரின் மேசையில் ஏறியதும் மில்லி சுறுசுறுப்பாகிவிடும், பயத்தில் சீனி ஏறும். நீங்கள் சொல்வதை அவர் நம்ப வேண்டும் என்றால் அடுத்த முறை வெறித்து நிற்கும்போது, ஒருவர் பாணியை எடுக்க ஓடட்டும், இன்னொருவர் அரை நிமிஷம் போனில் பிடிக்கட்டும்.

போனில் விசாரிக்கும்போது "ஃபெரட் பார்ப்பீர்களா" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான பிராணியிடம் இரத்தம் எடுத்துப் பழக்கம் உண்டா? சீனியை அங்கேயே, எடுத்த உடனே பார்க்க முடியுமா? வாயுவால் மயக்கும் ஐசோஃபுளூரேன் கருவி இருக்கிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் போகலாம்.

பயணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, எங்கள் மலைக்கே உரிய சிக்கல். கொட்டகலையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை எழுபது கிலோமீற்றர் அளவுதான், ஆனால் வளைவிலும் லொறிக்குப் பின்னாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே போய் வரிசையில் ஒரு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், மூன்றரை. ஃபெரட்டின் சீனியைச் சரியாகப் பார்க்க மூன்று நாலு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஆபத்து. அதாவது அந்த ரோடே உங்கள் பட்டினிக் கணக்கை முடித்துவிடுகிறது. ஆகவே வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு நன்றாகச் சாப்பிடக் கொடுத்து, தட்டை எடுத்த நேரத்தை எழுதிவையுங்கள். வழியில் ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். பாணிப் போத்தலும் ஒரு டப்பாவில் வேகவைத்த இறைச்சியும் கையில் இருக்கட்டும். வழியில் சோர்ந்து விழுந்தால் சோதனை கெட்டால் கெடட்டும், உடனே பாணியைத் தடவுங்கள். வந்ததும் வரிசையில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லி முன்னால் விடக் கேளுங்கள். நம் ஆட்கள் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

மலையில் இருக்கும்வரை குளிர் ஃபெரட்டுக்கு நல்லது, அதற்கு வியர்க்காது, வெயில்தான் எமன். ஆனால் மெலிந்த கிழட்டுப் பிராணிக்கு விடிகாலைக் குளிர் ஒத்துவராது, வெந்நீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். கம்பளை தாண்டியதும் போத்தலை எடுத்துவிட வேண்டும். பகல் வெயிலில் மூடிய வேனுக்குள் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவே கூடாது.

காத்திருக்கும் இடத்தில் பெட்டியைத் துணியால் மூடி, நாய்களுக்கு எட்டத்தில், முடிந்தால் வெளியே வையுங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் தடுப்பூசி இல்லாத ஃபெரட்டைத் தொற்றினால் பிழைப்பது அரிதிலும் அரிது. "அப்படியானால் நாய்க்குப் போடும் ஊசியைப் போட்டுவிடலாமே" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நாய்க்கான உயிருள்ள கூட்டுத் தடுப்பூசிகளில் சில ஃபெரட்டுக்கு அந்த நோயையே கொடுத்துவிடக்கூடியவை. மில்லி இப்போது நோயாளி, தடுப்பூசிப் பேச்சை உடம்பு தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேசையில் நடப்பது இதுதான். உதவியாளர் பின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் ஃபெரட் பெரிதாகக் கொட்டாவி விட்டுத் தொங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், அதற்கு வலிக்காது, பல்லைப் பார்க்கவும் வயிற்றைத் தடவிப் பார்க்கவும் அதைவிட நல்ல நேரம் இல்லை. இரத்தம் எடுக்கும்போது அசையாமல் இருக்க நக்குவதற்கு ஏதாவது இனிப்புப் பசை கொடுப்பது எங்களுக்குப் பழக்கம். சீனி பார்க்கப் போகும் பிராணிக்கு அதைக் கொடுத்தால் வந்த வேலை கெட்டது. யாராவது டியூபைத் திறந்தால் நீங்களே தடுத்து ஞாபகப்படுத்துங்கள்.

ஆரோக்கியமான ஃபெரட்டுக்கு டெசிலீட்டருக்குச் சுமார் 90 முதல் 125 மில்லிகிராம் வரை இருக்கும். 70க்குக் கீழே வந்தால் சந்தேகம். 60க்குக் கீழே, கூடவே நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் இருந்தால் இன்சுலினோமா என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்கலாம். மனிதருக்கான குளுக்கோமீற்றர் ஃபெரட் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு, ஆகவே குறைவாக வந்தால் ஆய்வுகூடத்திலும் ஒரு முறை உறுதிப்படுத்துவது நல்லது. அங்கேயும் ஒரு பொறி. சாதாரணக் குழாயில் இரத்தத்தை எடுத்து அப்படியே கண்டிக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்பினால், போகும் வழியிலேயே சிவப்பணுக்கள் அந்தச் சீனியைத் தின்றுவிடும். எந்தப் பிராணிக்கும் சீனி குறைவு என்றுதான் அறிக்கை வரும். உடனே சீரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் சீனி பார்க்கவென்றே இருக்கும் சாம்பல் மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சாம்பல் மூடி என்று நீங்களே கேட்கலாம், டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை.

ஸ்கேன் எடுத்துக் கட்டி தெரியவில்லை என்றால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை, அது அவ்வளவு சின்னது. மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்தினாலும் உடனே கலங்க வேண்டாம், வயதான ஃபெரட்டுகளில் அது அடிக்கடி பெருத்துத்தான் இருக்கும். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், என் கணக்கில் முதல் செலவு சீனிக்கும் ஒரு பொது இரத்தப் பரிசோதனைக்கும். ஸ்கேன் அடுத்தது.

சரி, சீனி குறைவு என்று உறுதியானால்? அறுவைச் சிகிச்சை ஒரு வழி, வெட்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் மிஞ்சி மறுபடி வரலாம். ஆறு வயதைத் தாண்டிய மில்லிக்கு நான் மருந்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதல் மருந்து பிரெட்னிசொலோன், எந்தப் பார்மசியிலும் இருக்கும் மலிவான மருந்து. அது கட்டியைக் கரைக்காது, சீனியை மேலே பிடித்து வைக்கும். சிக்கல் அளவில்தான். பார்மசியில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இந்த எடைக்குப் பெரும்பாலும் தொடங்குவோம், பிறகு தேவையைப் பார்த்துக் கூட்டுவோம். பிளேடால் பத்தாக வெட்ட யாராலும் முடியாது. டாக்டரிடம் அதைத் திரவமாகக் கலக்கித் தரச் சொல்லி, ஒரு மில்லிலீட்டர் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான சிரப்பை எடுத்தால் அதில் என்ன இனிப்புச் சேர்த்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தினமும் இரண்டு வேளை, வாழ்நாள் முழுக்க. நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. இந்த மருந்தோடு மெலொக்சிகாம் போன்ற வலி மருந்து சேர்ந்தால் இரைப்பை புண்ணாகும், வேறொரு டாக்டரிடம் போகும்போது இதைச் சொல்லாமல் இருக்காதீர்கள். பிரெட்னிசொலோன் மட்டும் போதாத நாள் வந்தால் டயசொக்சைட் என்று இன்னொன்று இருக்கிறது, பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால் வலிக்கிறதோ என்று நினைத்து வீட்டில் இருக்கும் பனடோலை ஒரு துண்டு கூடக் கொடுக்க வேண்டாம், அது ஃபெரட்டுக்கு விஷம்.

மருந்துக்குச் சமமான பாதி வைத்தியம் சாப்பாடு. நீங்கள் எழுதியதில் "எங்களோடு சோறு, பாண், காலையில் பாலில் ஊறிய பிஸ்கட்" என்று ஒரு வரி இருந்தது. அன்பாகத்தான் கொடுத்தீர்கள், தெரியும். இது முழு மாமிசப் பிராணி. மாப்பொருளும் இனிப்பும் உள்ளே போனதும் அந்தக் கட்டியைச் சீண்டிவிடும். இன்றிலிருந்து அதெல்லாம் நிற்கட்டும், வாழைப்பழமும்தான். பூனைக்குட்டிக்கான நல்ல உணவு, முதல் சேர்மானமாக இறைச்சி எழுதியிருப்பது, அதோடு உப்பு உறைப்பு வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல் கொஞ்சம், முட்டை. இறைச்சியை மட்டுமே கொடுத்தால் கல்சியம் போதாது, அதனால் பூனை உணவு கூடவே இருக்க வேண்டும். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். மூன்றாவது ஃபெரட்டை வைத்திருந்த வீட்டில் பாட்டி இரவு இரண்டு மணிக்கு வெந்நீரில் குழைத்த கோழிக்கூழைக் கரண்டியில் கொடுப்பார். அவருக்கு எப்படியும் அந்த நேரம் தூக்கம் வராதாம். அந்த ஃபெரட் மருந்தோடு பதினான்கு மாதம் இருந்தது.

இன்சுலினோமா இல்லை என்று சோதனை சொன்னால் வேறு இடங்களில் தேட வேண்டும். பின்னங்கால் பலவீனம் இதய நோயிலும் வரும், நிணநீர்ப் புற்றிலும் வரும், உண்மையிலேயே முதுகெலும்பிலும் வரும். எச்சிலும் வாயைப் பிறாண்டுவதும் உடைந்த கோரைப்பல்லாகவும் இருக்கலாம். ரப்பர் செருப்பைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் குடலில் துண்டு சிக்கியிருக்கலாம். வாலிலிருந்து முடி உதிரத் தொடங்கி முதுகுக்கு ஏறினால், கருத்தடை செய்த பெண்ணுக்கு அந்தரங்க உறுப்பு வீங்கினால், அது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் நோய். சூலகம் இல்லாத உடம்பில் மூளையின் ஹார்மோன்கள் அந்தச் சுரப்பியை ஓயாமல் தூண்டுவதால் வருவது. அதற்கு டெஸ்லோரெலின் என்ற மருந்துக் குச்சி தோலுக்கடியில் வைக்கலாம். இரண்டு நோயும் ஒன்றாகவே வந்த ஃபெரட்டுகளும் உண்டு. மலம் தார் மாதிரிக் கறுப்பாக வந்தால், அல்லது சிறுநீருக்கு முக்கியும் வரவில்லை என்றால், அன்றைக்கே ஓட வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் தடிமன் என்றால் அவர் மில்லியைத் தூக்க வேண்டாம். மனிதரின் இன்ஃபுளுவென்சா ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றும். அந்த வைரஸை 1933இல் இலண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளின் உதவியால்தான்.

மருந்து தொடங்கிப் பத்து நாளில் மறுபடி சீனி பார்க்க வேண்டும். அதுவரை வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் ஒரு பேசினை வைத்து மில்லியை நிறுத்து எழுதுங்கள்.

எவ்வளவு காலம் என்று கேட்டால், மருந்தும் சாப்பாடும் சரியாக இருந்தால் பல மாதம், சிலது ஒரு வருஷத்தைத் தாண்டும். குணமாகாது. ஒரு கட்டத்தில் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும், வலிப்பு அடுத்தடுத்து வரும், கூழைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது உறங்க வைக்கும் ஊசியைப் பற்றி டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். பல டாக்டர்கள் வீட்டுக்காரர் கேட்கும்வரை தாங்களாகச் சொல்லத் தயங்குவார்கள், வீட்டுக்காரர் டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருப்பார், நடுவில் பிராணி கிடந்து துடிக்கும். முதலில் மயக்கிவிட்டுத்தான் கடைசி ஊசியைப் போடச் சொல்லுங்கள். புதைப்பதாக இருந்தால் மூன்றடிக்குக் குறையாமல் தோண்டி மேலே கல்லை வையுங்கள். அந்த ஊசி மருந்து உடம்பில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் நாய்க்கும் அது எமனாகும். எங்கள் பக்கம் நாய் தோண்டாவிட்டால் பன்றி தோண்டும்.